இல்லாத புத்தகத்தைக் கேட்டு வரும் வாசகர்... நூலகரின் ‘தகுதி’ என்பது எது? தகவல் எழுத்தறிவு சர்ச்சையின் முழு பின்னணி

2025 மே மாதம் அமெரிக்காவின் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழோடு வந்த இணைப்பில், கோடை விடுமுறையில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இசபெல் அயெந்தே எழுதிய ‘டைட்வாட்டர் ட்ரீம்ஸ்’, ஆண்டி வியர் எழுதிய ‘தி லாஸ்ட் அல்காரிதம்’ என்று பெரிய பெரிய பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம்கூட கொடுத்திருந்தார்கள்.

எழுத்தாளர்கள் எல்லோரும் நிஜம். புத்தகங்கள்தான் இல்லை. 15-ல் 10 புத்தகங்கள் யாருமே எழுதாதவை. வெளி நிறுவனம் ஒன்றுக்காக அந்த இணைப்பைத் தயாரித்தவர், ஏஐ கருவியைப் பயன்படுத்திவிட்டு சரிபார்க்காமல் விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நூலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலகர் கணினியில் தேடுகிறார். ஒன்றும் வரவில்லை. இப்போது அவர் முன்னால் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, “எங்ககிட்ட இல்லீங்க.” இன்னொன்று, “இப்படி ஒரு புத்தகமே இல்லீங்க.” முதல் பதிலைச் சொல்ல கணினி போதும். இரண்டாவதைச் சொல்ல வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

அந்த ‘வேறு ஏதோ ஒன்று’ என்ன என்பதைத்தான் நூலகத் துறையினர் 50 ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எப்படி வரையறுப்பது, எப்படிக் கற்பிப்பது, தேர்வு வைத்து அளக்க முடியுமா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து வரவில்லை.

தகவல் எழுத்தறிவு என்றால் என்ன?

இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியவர் நூலகர் அல்ல. அமெரிக்கத் தகவல் தொழில்துறை சங்கத்தின் தலைவராக இருந்த பால் சுர்கோவ்ஸ்கி, 1974-ல் தேசிய நூலக ஆணையத்துக்கு எழுதிய அறிக்கையில் இதைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தகவல் கருவிகளைக் கையாளத் தெரிய வேண்டும் என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

1989-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று இதற்குக் கொடுத்த விளக்கம்தான் பாடப்புத்தகங்களில் நிலைத்தது. ஒருவருக்குத் தகவல் எப்போது தேவைப்படுகிறது என்று தெரிய வேண்டும். அதைத் தேடி எடுக்கவும், எடை போடவும், சரியாகப் பயன்படுத்தவும் முடிய வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘எடை போடுவது’ என்ற ஒரே சொல்லுக்குள்தான் பாதி பிரச்சினை ஒளிந்திருக்கிறது.

87 டிக் போட்டால் தகுதி வந்துவிடுமா?

2000-ம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏசிஆர்எல், ‘தகவல் எழுத்தறிவுத் தகுதித் தரநிலைகள்’ என்ற ஆவணத்தை வெளியிட்டது. மொத்தம் 5 தரநிலைகள், அவற்றின் கீழ் 22 குறியீடுகள், அவற்றுக்கும் கீழ் 87 விளைவுகள். மாணவர் தன் தலைப்புக்கான முக்கியச் சொற்களை அடையாளம் காண்கிறாரா, தரவுத்தளத்துக்கு ஏற்ற கட்டளைகளைப் போட்டுத் தேடுகிறாரா என்று வரிசையாகச் சரிபார்க்கலாம்.

இந்தியா உட்பட பல நாடுகளின் நூலக அறிவியல் வகுப்புகளில் இந்த ஆவணம் பாடமானது. காரணம் எளிது. பட்டியல் இருந்தால் பாடத்திட்டம் போடலாம், தேர்வு வைக்கலாம், “எங்கள் மாணவர்கள் இதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள்” என்று ஆய்வுக் குழுவிடம் காகிதத்தில் காட்டலாம்.

அதே ஏசிஆர்எல் 2016 ஜூனில் அந்த ஆவணத்தை ரத்து செய்தது. அதற்குப் பதில் 6 கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகம் வந்தது. நம்பகத்தன்மை என்பது யார், எந்த இடத்தில், எதற்காகப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும் என்பது அதில் ஒன்று. ஒரு தகவல் உருவாகும் முறையே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது இன்னொன்று. டிக் போட எதுவுமே இல்லை. ஆவணத்தின் பெயரில் இருந்த ‘தகுதி’ என்ற சொல்லும் காணாமல் போனது.

எதிர்ப்பும் கிளம்பியது. நியூ ஜெர்சி மாநில நூலகர்கள் 2015-லேயே வெளிப்படைக் கடிதம் எழுதி, தரநிலைகளைக் கைவிட வேண்டாம் என்றார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நூலகர் கல்லூரி முதல்வரிடம் போய் “மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க 2 மணி நேரம் கொடுங்க” என்று கேட்கும்போது, அவர் கையில் தெளிவான பட்டியல் இருந்தால் கோரிக்கைக்கு எடை கூடும். ‘நம்பகத்தன்மை சூழலைப் பொறுத்தது’ என்று தத்துவம் பேசினால் முதல்வர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆனாலும் பட்டியலுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது ஒரு சோதனை.

பேராசிரியர்கள் சறுக்கிய இடம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள், 25 பேர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 10 பேர் செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பு வேலை செய்பவர்கள்.

அவர்களுக்குக் காட்டப்பட்டவை இரண்டு இணையதளங்கள். ஒன்று, 1930-ல் தொடங்கப்பட்டு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. மற்றொன்று, 2002-ல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்து போன ஒரு சிறிய குழு. இந்தக் குழுவும் ‘அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கல்லூரி’ என்று கம்பீரமான பெயர் வைத்திருக்கிறது. லோகோ, அடிக்குறிப்புகள், மருத்துவப் பட்டங்கள் எல்லாமே பக்காவாக இருந்தன.

எது அதிகம் நம்பத்தக்கது? உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேரும் அகாடமியைச் சொன்னார்கள். வரலாற்று ஆய்வாளர்களில் பாதிப் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் பிரிந்து போன சிறு குழுவையே தேர்வு செய்தார்கள்.

இத்தனைக்கும் ஆவணங்களை எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த ஆய்வாளர்கள். அவர்கள் எங்கே சறுக்கினார்கள்? மாணவர்களைப் போலவே பலரும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். தேதி இருக்கிறதா, ஆசிரியர் பெயர் இருக்கிறதா, முகவரி ‘.ஓஆர்ஜி’ என்று முடிகிறதா என்று பார்த்தார்கள். பட்டியல் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அந்தப் பக்கத்தில் இருந்தன. இருக்கத்தானே செய்யும்? ஏமாற்ற நினைப்பவருக்கும் அந்தப் பட்டியல் தெரியுமே.

உண்மை சரிபார்ப்பாளர்கள் செய்தது நேர் எதிர். சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பிறகுதான் பக்கத்துக்குத் திரும்பினார்கள். குறைவாகப் படித்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், சரியாகச் சொன்னார்கள். இந்த முறைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பக்கவாட்டு வாசிப்பு. பெண் பார்க்கப் போகும் வீட்டில், மாப்பிள்ளை பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிப்பார்களா? அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்கள். அதே லாஜிக்தான்.

அதே பொறியில் சிக்கிய வழக்கறிஞர்கள்

இந்தச் சோதனை நடந்தபோது சாட்ஜிபிடி கிடையாது. அது வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு உதாரணம் கிடைத்தது.

ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கு அது. பயணியின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், முன்னுதாரணமாகக் காட்டப்பட்ட பல தீர்ப்புகள் எங்கேயும் இல்லாதவை. தேடித் தந்தது சாட்ஜிபிடி. நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இந்த வழக்கில் பலரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு விஷயம் உண்டு. அந்த வழக்கறிஞர் சரிபார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. “இந்தத் தீர்ப்பு உண்மையானதுதானா?” என்று கேட்டிருக்கிறார். ஆனால் கேட்டது சாட்ஜிபிடியிடமே! அதுவும் “ஆமாம், உண்மைதான்” என்று பதில் சொல்லியிருக்கிறது. பக்கத்தை விட்டு வெளியே போகாமல் பக்கத்திடமே சாட்சி கேட்ட அந்த மாணவர்களின் தவறும் இதுவும் ஒன்றுதான். கருவி புதிது, தவறு பழையது.

அவர் சட்டம் படித்தவர், பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர். தேடல் கட்டளை போடத் தெரியாதவர் அல்ல. அவருக்குத் தெரியாமல் போனது, அந்தக் கருவி எப்படிப் பதில் தயாரிக்கிறது என்பது. தரவுத்தளம் இருப்பதை எடுத்துத் தரும். மொழி மாதிரி, இருப்பது போன்ற ஒன்றை எழுதித் தரும். இந்த வேறுபாட்டை எந்த டிக் பட்டியலும் அவருக்குச் சொல்லித் தந்திருக்காது. 2016 சட்டகத்தில் இருந்த ‘தகவல் உருவாகும் முறை’ என்ற கருத்து சொல்லித் தந்திருக்கும்.

தெரியாதவருக்குத் தெரியாது என்பதே தெரியாது

சரி, மக்களுக்கு இந்தத் திறமை இல்லையென்றால் அவர்களே வந்து கேட்கலாமே, நூலகர்தான் இருக்கிறாரே என்று தோன்றலாம். கேட்கமாட்டார்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெலிசா கிராஸ், டான் லேதம் ஆகியோர் மாணவர்களிடம் தகவல் எழுத்தறிவுத் தேர்வு வைத்து, எவ்வளவு மதிப்பெண் வரும் என்று அவர்களையே கணிக்கச் சொன்னார்கள். குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள்தான் தங்களைப் பற்றி மிக அதிகமாகக் கணித்தார்கள். தேர்வு எழுதி முடித்த பிறகு கேட்டபோதும் பெரிய மாற்றமில்லை.

நூலகத்துக்கு இதில் ஒரு நேரடிச் சிக்கல் இருக்கிறது. உதவி மிகவும் தேவைப்படுகிறவர் உதவி மேசைக்கு வரமாட்டார். அப்படியானால் நூலகர்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். வகுப்பறைக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். அதாவது, நூலகர் ஆசிரியராகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மாற்றம் ஆவணங்களிலேயே தெரிகிறது. கற்பிக்கும் நூலகர்களுக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று 2007-ல் ஏசிஆர்எல் ஒரு பட்டியல் போட்டது. 2017-ல் அதை மாற்றி எழுதியபோது திறன் பட்டியல் போய், ஆசிரியர், பாட வடிவமைப்பாளர், தொடர்ந்து கற்பவர் என 7 ‘பாத்திரங்கள்’ வந்தன. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை விட்டு, அவர் என்னவாக நடந்துகொள்கிறார் என்பதை நோக்கி நகர்ந்தார்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியைச் சேர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அந்தப் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, நூலகத் துறை பற்றி அவருக்கு இருந்த ஒரே பயிற்சி, சில நாட்களுக்கு முன்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் படித்த ஒரு கட்டுரைதான். இன்றைய விதிகளின்படி அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. அப்படிப்பட்டவர்தான் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, 1931-ல் நூலகத்தின் ஐந்து விதிகளை எழுதினார்.

தனக்குப் பயிற்சி இல்லாமல் போனது அடுத்தவருக்கும் நேரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, 1929-லேயே சென்னை நூலகச் சங்கம் மூலம் நூலகர்களுக்கான வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். 2 ஆண்டுகளில் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றது. வாசகரையும் அவருக்கான புத்தகத்தையும் நேருக்கு நேர் உட்கார்ந்து சேர்த்து வைக்கும் வேலைக்கு அவர் மிகுந்த முக்கியத்துவம் கொடுத்தார். ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்பது அவருடைய நான்காவது விதி. இல்லாத புத்தகத்தை நாலு கடை ஏறி இறங்கித் தேடவிடாமல் தடுப்பதும் அந்த விதிக்குள் அடங்கும்.

இன்று ஒரு கல்லூரியில் நூலகராகச் சேர நூலக அறிவியலில் முதுகலைப் பட்டமும், பொதுவாக யுஜிசி நெட் அல்லது மாநில செட் தேர்ச்சியும் தேவை. நெட் தேர்வில் பொதுத் தாளில் 50, பாடத் தாளில் 100, மொத்தம் 150 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்வு செய்யும் வகை. தகவல் எழுத்தறிவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதன் வகைகள், தரநிலைகள், மாதிரிகள் என்று.

சிக்கல் இங்கேதான். ‘தகவல் எழுத்தறிவு’ என்ற சொல்லை உருவாக்கியவர் யார் என்று நான்கு விடைகள் கொடுத்துக் கேட்கலாம். 2000-ம் ஆண்டு ஆவணத்தில் எத்தனை தரநிலைகள் என்றும் கேட்கலாம். அந்த ஆவணமே ரத்தாகிப் பல ஆண்டுகள் ஆனாலும், கேள்வி கேட்க வசதியானது அதுதான். ஆனால் சந்தேகத்துக்குரிய ஒரு பக்கத்தைக் கொடுத்து, 10 நிமிடத்தில் அதன் நம்பகத்தன்மையைக் கண்டுபிடித்து வாசகருக்குப் புரியும்படி விளக்குங்கள் என்று ஓ.எம்.ஆர் பாணித் தேர்வில் கேட்க முடியாது. தகவல் எழுத்தறிவைப் *பற்றி* தெரிந்திருப்பதும், அது *இருப்பதும்* வேறு வேறு. நீச்சலின் வரலாற்றில் நூற்றுக்கு நூறு வாங்கியவரைக் குளத்தில் தள்ளினால்தான் விஷயம் தெரியும்.

தமிழிலேயே இந்தக் குழப்பத்துக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. இலங்கைப் பள்ளிப் பாடத்திட்டங்களில் ‘தேர்ச்சி’ என்றால் ஒன்றைச் செய்யும் ஆற்றல். ‘தேர்ச்சி மட்டம்’ என்றே ஆசிரியர் வழிகாட்டிகளில் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘தேர்ச்சி’ என்றால் பாஸ். சொல் ஒன்றுதான். ஆனால் இங்கே மதிப்பெண் பட்டியலில் அந்தச் சொல் வந்துவிட்டால், ஆற்றல் வந்ததா என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை.

பட்டம் பெற்றவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு மேசையில் உட்கார்ந்து, வாசகர்களிடமிருந்தே இந்தத் திறமையைக் கற்றுக்கொண்ட நூலகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அது அவர்களின் தனிப்பட்ட உழைப்பு, படிப்பு கொடுத்தது அல்ல என்பதுதான் பிரச்சினை.

இதில் சாமானியருக்கு என்ன நஷ்டம்?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஊசி ஆபத்தானது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவ, பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. ஒரு ஃபார்வர்டு வந்தவுடன் “இதை முதலில் சொன்னது யார்?” என்று தேடத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்திருந்தால், பெற்றோருக்குக் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். பள்ளி நூலகர் அந்த ஆளாக இருக்கலாம். பல பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி ஆளே கிடையாது என்பது வேறு கதை.

இதே வதந்தி கேரளாவிலும் பரவியது. அதன் பின்னர் 2018-ல் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளைத் தொடங்கியது. பின்னர் அது மாநில அளவிலான திட்டமானது. குழந்தைகளுக்கு ஃபார்வர்டு செய்திகளையே எடுத்துக்காட்டாகக் காட்டி ஆராயச் சொன்னார்கள் என்பதுதான் அதில் முக்கியம்.

கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும். அதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு குழு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேரிடம் ஒரு வீடியோவைக் காட்டியது. அமெரிக்கத் தேர்தலில் கள்ள ஓட்டு போடுவதாகச் சொன்ன அந்த வீடியோ உண்மையில் ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. இணையம் கையில் இருந்தும் அதைக் கண்டுபிடித்தவர்கள் வெறும் 3 பேர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை வலுவான ஆதாரம் என்றார்கள்.

அதே குழு, ஒரு மாவட்டப் பள்ளிகளில் 499 மாணவர்களை வைத்து இன்னொரு ஆய்வு செய்தது. பக்கவாட்டு வாசிப்பை 50 நிமிடம் வீதம் 6 வகுப்புகள் எடுத்தார்கள். வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள், உட்காராதவர்களைவிட தெளிவாக முன்னேறினார்கள். 2022-ல் வெளியான முடிவு இது. மொத்தம் 5 மணி நேரம். ஒரு பருவத்தின் நூலகப் பாடவேளைகளை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

ஆனால் அந்த 6 வகுப்புகளில் மாணவர்கள் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. நிஜ இணையத்தில், நிஜப் பக்கங்களைத் திறந்து, தப்பு செய்து, திருத்திக்கொண்டார்கள். நூலக அறிவியல் படிப்பிலும் இதைச் செய்யலாம். வாசகர் கேள்வியுடன் வருகிறார், நூலக மாணவர் எல்லோர் முன்னாலும் தேடுகிறார், எங்கே நிறுத்தினார், எதை நம்பினார், ஏன் என்று சொல்கிறார். செவிலியர் படிப்பில் செய்முறைத் தேர்வு இல்லாமல் சான்றிதழ் கொடுப்பதில்லையே. மதிப்பிட நேரம் பிடிக்கும், பேராசிரியர்களுக்கு வேலை கூடும். அதனால்தான் இது பேச்சோடு நின்றுவிடுகிறது.

மீண்டும் வந்த பட்டியல்

2016-ல் ‘தகுதி’ என்ற சொல்லைக் கைவிட்ட அதே ஏசிஆர்எல், 2025-ல் கல்லூரி நூலக ஊழியர்களுக்கு ஏஐ விஷயத்தில் என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று ஒரு வரைவைக் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. ஏஐ வேகத்தைப் பார்த்து நூலகங்கள் “எங்களுக்குத் தெளிவாக ஏதாவது சொல்லுங்கள்” என்று கேட்கத் தொடங்கிவிட்டதன் விளைவு. நியூ ஜெர்சி நூலகர்கள் அன்று சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இந்திய நூலகப் பள்ளிகளுக்கும் இந்தப் பட்டியல் சீக்கிரமே வந்து சேரும். நெட் பாடத்திட்டத்திலும் ஒருநாள் இடம்பிடிக்கலாம். அப்போது தேர்வறையில் வரப்போவது “ஏஐ தகுதிகள் எத்தனை வகைப்படும்?” என்ற கேள்வியா, அல்லது ஒரு மாணவர் முன்னால் இல்லாத புத்தகங்களின் பட்டியலை வைத்து “இதில் எது நிஜம்?” என்று கேட்பார்களா என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.